ஹரிதாஸுக்கு ஒரு ஸ்வெட்டர்

மார்ச் 3, ஞாயிறு

உம்பாய் மீன் சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்தேன். புனிதா நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் சாம்பல் நிறக் கம்பளி நூல். அவள் ஆபீஸில் வேலை பார்க்கும் ஹரிதாஸ் அடுத்த மாதம் ஸ்காட்லாந்துக்கு மாற்றலாகிப் போகிறானாம். அவனுக்கு ஸ்வெட்டர்.

"எல்லாரும் சேந்து நூல் வாங்கினோம். எனக்கு மட்டும்தானே பின்னத் தெரியும் லா."

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். எனக்கு ஒரு குல்லாகூடப் பின்னியதில்லை. மலாக்கா வெயிலுக்கு எதுக்குங்க என்பாள். சரிதான். இருந்தாலும்.

மார்ச் 6

அவன் தோள் அளவு இவளுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 9, சனி

கேட்டேவிட்டேன். "அவரோட பழைய சட்டையை வாங்கி அளந்தேன். வேற எப்படி?"

அவர்! அப்படியென்றால் அந்தச் சட்டை என் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது.

மார்ச் 14

இன்று எனக்கு லீவு. புனிதா வேலைக்குப் போனபின் அவள் அலமாரியிலிருந்த நூல் பெட்டியைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் – தெரியவில்லை. வைக்கோல் நிறத்தில் சின்ன அந்துப்பூச்சி ஒன்று. வெளிச்சம் பட்டதும் ஸ்வெட்டர் மடிப்புக்குள் ஓடி ஒளிந்தது.

அடித்திருக்கலாம். மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 17

இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 21

ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடி வந்தாள். முதுகில் மூன்று ஓட்டை. நூல் உருண்டைகளில் அரிசி மாதிரி வெள்ளைப் புழு.

"அந்துருண்டை போட்டிருக்கணும். வாடை அடிக்குமேன்னு விட்டுட்டேன். என் தப்புதாங்க."

அழுதாள். எனக்குச் சந்தோஷம் வரும் என்றுதானே இருந்தேன்? ஏன்டா வரலை?

போனில் தேடிப் படித்தேன். ஃப்ரீஸரிலிருந்த மீனையெல்லாம் வெளியே எடுத்தேன். ஸ்வெட்டரையும் நூலையும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி உள்ளே தள்ளினேன்.

"என்ன செய்றீங்க?"

"ஒரு வாரம் குளிர்ல கெடந்தா புழு, முட்டை எல்லாம் செத்துரும். அப்புறம் ஓட்டையை அடைச்சுக்கலாம்."

அலமாரி இடுக்கெல்லாம் வேக்குவம் போட்டுத் துடைத்தேன். யாருக்காக? அந்த ஹரிதாஸுக்காக!

மார்ச் 30, சனி

ஓட்டை இருந்த இடமே தெரியாமல் பின்னிவிட்டாள். எனக்குத் தெரிகிறது.

ஏப்ரல் 12

ஹரிதாஸ் ஸ்வெட்டர் போட்டுப் படம் அனுப்பியிருக்கிறான். பின்னால் மழை, முன்னால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. அளவு கச்சிதம். "நல்லா இருக்கு" என்றேன்.

புனிதா போனைக் கவிழ்த்து வைத்தாள். "அன்னைக்கு அலமாரியை அப்படித் துடைச்சப்பவே நெனச்சேன். பூச்சியை முன்னாடியே பாத்தீங்கதானே?"

"ஆமா."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

புது நூல் வாங்கி வந்திருக்கிறாள். நீலம். பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"வாரா வாரம் நீங்கதான் பாக்கணும். மடிப்பெல்லாம் பிரிச்சுப் பாக்கணும்."

சரி என்றேன்.

யாருக்கு என்று கேட்கவில்லை.