ஏழாம் நம்பர் மலையில் கடைசித் தும்பை

செவ்வாய், பெப். 3
காலையில் கடும் பனி. விரல் மடங்கவில்லை. தேயிலைக் கொழுந்தும் குறைவு.
ஏழாம் நம்பர் மலையில், தண்ணீர் ஓடும் கான் ஓரமாகத் தும்பை! நாலே செடி, பூத்து நிற்கிறது. தோட்டத்தில் வேறெங்கும் இல்லை. நெஞ்சுச் சளி வந்தால் என் வீட்டுக்காரருக்குத் தும்பைப் பூவைப் பாலில் காய்ச்சிக் கொடுத்தால்தான் தூக்கம். போன வருஷம் தேடி அலைந்ததுதான் மிச்சம்.
பறிக்கவில்லை. விதை முற்றட்டும். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் போடலாம்.

புதன்
பக்கத்து நிரையில் ராஜம்மாக்கா. தும்பையைப் பற்றிக் கேட்டேன்.
"முன்னெல்லாம் சொரண்டியால புல்லு சொரண்டுனோம். வெதை விழுந்து மறுபடி மொளைச்சுக்கும். இப்ப புல்லு சாக மருந்துல்ல அடிக்கிறாங்க. பூக்கவே விடாம வெதைக்கு எங்க போறது?"
வல்லாரையும் இல்லை. மணத்தக்காளியும் இல்லை. மருந்து அடிப்பவர்களில் இவரும் ஒருவர். யாரைத் திட்ட?

வெள்ளி
துணி துவைக்கச் சவர்க்காரம் வாங்க மறந்தாயிற்று.
பழைய சிவப்புச் சேலையில் ஒரு துண்டு கிழித்து, குச்சியில் கட்டி, தும்பைக்குப் பக்கத்தில் நட்டேன். சிவப்புத் துணி கண்டால் குளவிக்கூடு என்று கொழுந்துக்காரிகள் யாரும் கிட்டப் போக மாட்டோம்.
இவரிடம் சொல்லவில்லை. களைக்குக் காவலா என்று கேலி பண்ணுவார். விதை கைக்கு வரட்டும், காட்டுகிறேன்.

திங்கள்
இவர் வேளையோடு வந்தார். நல்ல குஷி. இன்று மருந்தடிக்க இவர்களை ஏழாம் நம்பருக்கு மாற்றினார்களாம்.
"வேற ஆளுங்க பாதியில விட்ட மலை புள்ள. எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னு முழிச்சோம். நல்லவேளை, செவப்புத் துணி கட்டி வச்சிருந்தாங்க. அங்கருந்து நான்தான் மொதல்ல அடிச்சேன்."
மருந்து அடிப்பவர்களுக்குத் துணி என்றால் வேலையை விட்ட இடமாம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. அது என் சேலை என்று இவருக்கும் தெரியவில்லை.
சோறு போட்டேன்.

வியாழன்
போய்ப் பார்த்தேன். நாலும் வாடிச் சுருண்டு கிடக்கின்றன. பூவைக் கசக்கினேன். விதை முற்றவேயில்லை. கூடையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துணியை அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.
சாயங்காலம் மழை. இவருக்கு இருமல் தொடங்கிவிட்டது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வைத்தார்.
"இதுக்கெல்லாம் கேக்காது புள்ள. நாளைக்கு மலைக்குப் போறப்ப ரெண்டு தும்பப் பூ பாத்துப் பறிச்சுட்டு வா."
சரிங்க என்றேன்.