காற்றைப் பிடித்த வலை

வெள்ளிக்கிழமை, இரவு.

இண்டைக்கு மாமாவும் நானும் கருவாட்டு மூட்டையளோடை போகேக்கை கட்டுக்கரை வயலடியிலை வானை நிப்பாட்டினனான். கியர் ஒயிலின்ர சூட்டைக் காட்டுற மீற்றரிலை முள் சிவப்பைத் தொடப் பாத்துது. என்ர மனுசன் கட்டாருக்குப் போக முந்திப் பூட்டின மீற்றர் அது. தானா மாறுற ஓட்டோ கியர் எரிஞ்சால், திருத்திற செலவுக்கு அவர் திரும்பவும் அங்கை வேலைக்குக் கையெழுத்து வைக்கவேணும். வாற மாதம் வாறன் எண்டவர்.

இறங்கிப் பாத்தன். பூச்சி அடிக்காமல் இருக்கட்டும் எண்டு மாமா, அவற்றை அப்பா, நேற்று வானுக்கு முன்னாலை சின்னக் கண் வலையொண்டு கட்டிவிட்டவர். அது முழுக்க வைக்கோல் தூசியும் செத்த பூச்சியும். அதுக்குப் பின்னாலை இருக்கிற, கியர் ஒயிலை ஆத்திற கூலருக்குக் காத்தே போகேல்லை.

மாமா வலையைத் தடவிப் பாத்தார். காலம் முழுக்கக் கடலிலை நிண்ட மனிசன். "வலைக்குள்ளாலை காத்துப் போகும் எண்டெல்லோ நினைச்சன், பிள்ளை. காத்தைப் பிடிக்கிற வலையை இண்டைக்குத்தான் கண்டனான்."

"அவிழ்த்துவிடுங்கோ மாமா. நியூட்ரலிலை எஞ்சின் ஓடட்டும், ஒயில் ஆறும்."

வயல் காத்து வந்துது. ரெண்டு பேரும் உள்ளை இருந்து முள்ளையே பாத்துக்கொண்டிருந்தம். நித்திரை வாற மாதிரி மெல்ல மெல்ல இறங்கிச்சுது.

இரவு கட்டாரிலையிருந்து அவர் போன் எடுக்கேக்கை இதைச் சொல்லேல்லை. மாமாவும் சொல்லேல்லை.

இப்ப கண்ணை மூடினாலும் முள் இறங்குது. அவர் வாற பிளேனும் இப்பிடித்தான் இறங்கும், அவசரமில்லாமல், கடலுக்கு மேலாலை.