வெள்ளத்தில் போன டிரம்ஸ்

அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று ஒரு பழைய டிரம் செட்டை வாங்கும் முன் பார்த்துச் சொல்லும்படி இசை ஆசிரியர் ஒருவர் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். "எல்லாம் ஒரிஜினல்மா, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார் கடைக்காரர். நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் பார்த்தேன். வெளியே புதிதாக நீல ஷீட் ஒட்டியிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. பெரிய டிரம்மின் தோலைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த ஒரு ஓட்டை. பன்னிரண்டு வயதில், குச்சியால் தட்டும் மணியை மேலே மாட்டுவதற்காகத் தப்பான இடத்தில் நான் போட்ட ஓட்டை. அதற்காக நீ என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றாயே, அந்த செட். நான் அழுதபோது தலையைத் தடவிக்கொடுத்தாயே.

விளிம்பு முழுக்க விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன்.

"தாராளமா வாங்குங்க சார். ஓட்டைக்காக வெலயக் கொறச்சுக் கேளுங்க. மத்தபடி இந்த மரத்துல ஒரு சொட்டுத் தண்ணிகூடப் பட்டதில்ல."

அம்மாவின் தையல் மிஷினும் அதே வெள்ளத்தில்தானே போனது? அதை எந்தக் கடையில் போய்ப் பார்க்கட்டும்?

உன் தங்கை