பாடுவதற்கு முன் கொஞ்சம் சும்மா இரு

மேசையில் கிடந்த உன் ஹெட்போனை இன்று காதில் மாட்டினேன். பஞ்சில் உன் தலைவலித் தைலம் இன்னும் மணக்கிறது. அடிப்பாவி, நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இந்த வாசம் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

மாசாயில் நமக்கு எதிரெதிர் அடுக்குமாடி, தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். வேலை விட்டு வந்ததும் நான் படுத்துவிடுவேன். நீ யார் வீட்டுக் கணினி முன்னாலாவது போய் உட்கார்ந்துவிடுவாய். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய திருட்டு சாஃப்ட்வேரைக் கண்டால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சும்மாவே குடுக்கறாங்க லா, அப்புறம் எதுக்குத் திருடணும்?" என்பாய். சிங்கப்பூர் வேலைக்கு நான் விண்ணப்பம் அடித்தது நீ போட்டுத் தந்த லிப்ரே ஆபிஸில். அம்மா போனில் பழைய படம் பார்ப்பது இன்றும் நீ ஏற்றிவிட்ட வி.எல்.சி.யில்தான்.

ஆனால் உனக்கு உயிர் என்றால் அது ஒலிப்பதிவு செய்யும் அடாசிட்டிதான். என் வீட்டு அறையில் நான் தைப்பூசப் பாட்டுப் பாடுவேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்வாய். "பாடறதுக்கு முன்னாடி கொஞ்சம் சும்மா இருடி. அந்த வெறும் சத்தத்தக் காட்டி, இதுதான் குப்பைன்னு சொல்லிட்டா, பாட்டு முழுக்க அது எடுத்துடும்." அறைக் காற்றாடியின் இரைச்சல் அப்படித்தான் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் காணாமல் போனது.

நம் கடைசிப் பாட்டை இந்தத் தைப்பூசத்துக்குப் போட வேண்டும் என்று கோயில் குழுத் தலைவர் கேட்டார். நீ சுத்தம் செய்யாமல் விட்டுப்போனது அது ஒன்றுதான்; நானே செய்து கொடுக்கலாம் என்று திறந்தேன். ஆரம்பத்தில் அந்த வெறும் இடம். காற்றாடி ஓடுகிறது. அதோடு நீ மூச்சு வாங்குவதும் கேட்கிறது. "படி ஏறி வந்தேன் லா, அதான்" என்று அன்றைக்குச் சொன்னாயே. அடுத்த மாதமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். இதுதான் குப்பை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் உன் மூச்சைக் காட்டி அப்படிச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். "காத்தாடி சத்தம் கேக்குதேம்மா" என்றார் தலைவர்.

"இருக்கட்டும்ணே. அதுல அவ இருக்கா."

அவர் வாங்கிக்கொண்டார்.

இப்போது நானே பாடி நானே பதிவு செய்கிறேன். நீ சொன்ன மாதிரி பாடுவதற்கு முன் கொஞ்சம் சும்மா இருக்கிறேன். அப்புறம் அந்த இடத்தை மட்டும் ஹெட்போனில் போட்டுக் கேட்கிறேன். காற்றாடி மட்டும்தான் ஓடுகிறது.