குளிர்ந்த கையும் ஓர் அப்பிள் டார்ட்டும்

உன் உம்மா இன்று காலை அந்தத் தட்டைக் கொண்டுவந்து எங்கள் குசினி மேசையில் வைத்தார். விளிம்பில் நீலப் பூக்கள் ஓடும் அந்தப் பெரிய தட்டு. "சின்னவட மாப்பிள வீட்டுக்கு இண்டைக்கு நோன்பு திறக்க அனுப்பணும் புள்ள. உன்ட அப்பிள் டார்ட் ஒண்டு செஞ்சி தா" என்றார். உன் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார்கள். "ஓம் சாச்சி" என்றேன். அவர் போன பிறகும் நெடுநேரம் தட்டைத் தொடவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் இதே தட்டை உன் மாப்பிள்ளை வீட்டுக்கு ஏந்திக்கொண்டு போனவள் நான்.

குளிரூட்டியிலிருந்து பட்டரை எடுத்துச் சதுரம் சதுரமாக வெட்டினேன். கடைசித் துண்டை வெட்டுவதற்குள் முதல் துண்டு வியர்க்கத் தொடங்கிவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாய்: "கையச் சுருக்கா எடு கா, உருகிரும்."

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில் நாம் இதைப் பழகினோம். பக்கத்து வீடான எங்கள் வீட்டில் ஓவன் இருந்தது. நீ தொலைபேசியில் காணொளியைப் பார்ப்பாய், நான் அதில் சொல்வதை உனக்குத் தமிழில் சொல்வேன். முதல் முறை நாம் செய்த பிழையை இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்வார்கள் என்று நினைக்கிறேன். மாவைக் கண்டதும் கை ரொட்டிக்குப் பிசைகிற மாதிரி பிசையத் தொடங்கிவிட்டது. குத்தி, மடித்து, உருட்டி, இருவரும் மாறி மாறிப் பிசைந்தோம். வெந்து வந்ததை உன் வாப்பா கடித்துப் பார்த்துவிட்டு, "இதக் கொண்டு போய் மேசனிட்டக் குடுங்க, அத்திவாரத்துக்குப் போடலாம்" என்றார். நீ சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி நிலத்தில் உட்கார்ந்தாய். அந்த மூச்சை அப்போது நான் சிரிப்பின் கணக்கிலேயே சேர்த்தேன்.

பிறகுதான் விளங்கியது, பிசையக் கூடாது. பட்டரையும் மாவையும் விரல் நுனியால் உதிர்த்து, ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு, சேர்ந்தும் சேராமலும் இருக்கும்போதே கையை எடுத்துவிட வேண்டும். உருட்டுவதற்குக் கட்டைக்குப் பதிலாக சர்பத் போத்தலில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்தது உன் யோசனை. ஆனால் உனக்கு அந்தப் போத்தல் தேவைப்பட்டதே இல்லை. உன் கை எப்போதும் குளிர்ந்திருந்தது. பட்டர் உன் விரலில் ஒட்டாது. என் கை தொட்ட இடமெல்லாம் எண்ணெயாக மினுங்கும். பொறாமையில் ஒருநாள், "மையத்துட கை மாதிரி இரிக்கி உனக்கு" என்றேன். பிணத்தின் கை என்று நான் சொன்ன அந்தக் கையால் நீ என் கழுத்தைத் தொட்டு என்னைக் கத்தவைத்தாய்.

அந்தக் குளிருக்குக் காரணம் எனக்குப் பிறகு தெரியவந்தது. இதயத்தின் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. மாதம் ஒருமுறை கிளினிக் போகையில் உன் உம்மா உன்னை அபாயாவும் முகத்திரையும் அணியவைத்து, கல்முனை பஸ் நிலையத்தைச் சுற்றாமல் ஒழுங்கைகளால் கூட்டிப்போவார். தெரிந்தவர்கள் கேட்டால் கண் கிளினிக். இந்த ரகசியம் தெரிந்த வெளியாள் நான் ஒருத்திதான்.

மருதமுனையில் உனக்குச் சம்பந்தம் பேசி முடித்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ். உன் வாப்பா உங்கள் வளவில் பாதியைப் பிரித்து உனக்கு வீடு கட்டத் தொடங்கினார். "மாப்பிள வீட்டுக்குச் சொல்லுவோம் உம்மா" என்று நீ ஒருமுறை சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். "கலியாணம் முடியட்டும். மறுகா நாமளே மெல்லமாச் சொல்லிக்குவம்" என்றார் உன் உம்மா. நீ என்னைப் பார்த்தாய். நான் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன்.

அந்த நோன்பில் வந்தது தட்டு. நிச்சயித்த பிள்ளை முதல் நோன்பில் மாமி வீட்டுக்குத் தன் கைப்படச் செய்த ஒன்றை அனுப்ப வேண்டும். எல்லா வீட்டிலிருந்தும் வட்டிலப்பம் போகும், நீ அப்பிள் டார்ட் என்று முடிவு செய்தாய். ஒரு வாரம் அதைப் பற்றியே கதைத்தாய். அந்த நாள் வந்தபோது உன்னால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. கால் வீங்கியிருந்தது. இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தபடி, "நீ செய் கா. ஆருக்குத் தெரியப் போகுது" என்றாய்.

செய்தேன். என் சூடான கையை ஐஸ் தண்ணீரில் முக்கி முக்கிச் செய்தேன். நோன்பு வைத்திருந்ததால் அப்பிளின் புளிப்பைச் சுவைத்துப் பார்க்க முடியாது. சீனியையும் கறுவாவையும் வாசத்தைக் கொண்டே அளந்தேன். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வட்டமாக அடுக்கினேன். வெந்து வந்தபோது அது நம் பத்துப் பன்னிரண்டு டார்ட்டுகளில் மிக அழகானதாக இருந்தது. அதுதான் எனக்கு வினையாயிற்று.

உன் வாப்பாவின் ஓட்டோவில் நானும் உன் தங்கச்சியும் கொண்டுபோனோம். பாங்கு சொல்லி, பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடிந்து, உன் மாமி ஒரு துண்டை வெட்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். "அல்லாஹ்வே, பூவா உதிருது. எங்கட மருமகள்ட கை ராசிய பாருங்க" என்று சுற்றியிருந்த பெண்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. என்னை யாரும் பார்க்காமல் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும் என்று நானே நம்பியிருந்த வயது அது.

"மாமி, இண்டைக்கு மா பிடிச்சது நான்தான்" என்றேன். "அவக்கு ஏலாமப் போயிட்டு."

"ஏன் மகள், என்ன அவக்கு?"

அந்த இடத்திலாவது காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். "மூச்சு வாங்கிற. கிளினிக்ல மருந்து எடுக்கிறவ" என்றேன்.

நோன்பு நாளில் பொய் சொல்ல மனம் வரவில்லை என்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றுவரை நான் சொன்னவற்றில் பெரிய பொய் அதுதான். ஒரு டார்ட்டுக்கு வந்த புகழ் என் பெயருக்கு வரவேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை.

நம் ஊரில் யாரும் அடுத்த வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவார்கள். மூன்றாம் நாள் அந்தத் தட்டு வந்தது. கழுவித் துடைத்து, ஒரு பையில் போட்டு, வெறுமையாக. கொண்டுவந்தவர் படியேறாமல் மதிலில் வைத்துவிட்டுப் போனார். உன் உம்மா பைக்குள் பார்த்தார், இன்னொருமுறை கையை விட்டுத் தடவிப் பார்த்தார். சம்பந்தம் முறிந்தது என்று வாய் திறந்து யாரும் சொல்லவில்லை, பிறகு ஆள் விட்டும் சொல்லவில்லை. மேசன்கள் அடுத்த கிழமை வரவில்லை. உன் வீடு யன்னல் உயரத்தில் நின்றது.

"ஆரு சொல்லியிருப்பாங்க?" என்று உன் உம்மா என் முன்னால் கேட்டார். நீ சுவரைப் பார்த்தபடி, "கிளினிக்ல எத்தின பேர் இருக்காங்க. ஆரும் கண்டிருப்பாங்க" என்றாய். பிறகு என்னிடம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாய்: "டார்ட்டுட அடி ஈரமில்லாம வெந்திருந்ததா?"

"ஓம்" என்றேன். உனக்குத் தெரியாது என்று நினைத்து நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பின் நீ ஒன்றரை வருடம் இருந்தாய். தினமும் அசர் தொழுகைக்குப் பின் வந்து உன் கட்டிலருகில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். கொழும்பில் ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்தார்கள், திகதிக்கு முன் நீ போய்விட்டாய். மையத்து வீட்டுக்கு அந்த மாமியும் வந்தார். "தங்கமான புள்ள" என்று அழுதார். அவருக்கு நான் கதிரை எடுத்துப் போட்டேன். உன்னைக் குளிப்பாட்ட எடுக்கும் முன் உன் கையைத் தொட்டேன். வழக்கமான குளிர்தான். வித்தியாசம் தெரியவில்லை.

இன்று அசருக்குப் பிறகு, நீலப்பூத் தட்டில் டார்ட்டை வைத்து உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் தங்கச்சி உள்ளே உடுத்திக்கொண்டிருந்தாள். உன் உம்மா ஈரத்துணியால் தட்டின் விளிம்பைத் துடைத்தார். நான்கு வருடமாகச் சொல்லாததை அப்போது சொன்னேன். "சாச்சி, அண்டைக்கு அந்த வீட்டில வாய விட்டது நான்தான்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியிம் மகள். சின்னவ அண்டைக்கே வந்து சொன்னவ. ஆரு சொன்னதெண்டு உன்ட முன்னால கேட்டதும், நீயாச் சொல்லுவியா எண்டு பாக்கத்தான். மூத்தவதான் எங்கட வாயப் பொத்தினவ. 'அவளுக்குக் காட்டிக்காதீங்க உம்மா, தெரிஞ்சா அவ இஞ்ச வாறத்த உட்டுருவா' எண்டு."

அவர் தட்டின் மேல் பின்னல் துணியை விரித்தார்.

"நீ இல்லாதத ஒண்டும் சொல்லல்ல. மறைச்சது நாங்க" என்றார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அங்க கேட்டா, சின்னவ செஞ்சதெண்டுதான் சொல்லுவன். நீ வர வேணாம் புள்ள."

உன் தங்கச்சிக்குக் கோதுமை மாவுக்கும் அரிசி மாவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஓட்டோ புறப்படும் சத்தம் எனக்கு எங்கள் குசினிவரை கேட்டது.

உன்மேல் கோபம் வருகிறது. ஒன்றரை வருடம் நீ எல்லாம் தெரிந்துகொண்டு என் குரலைக் கேட்டுப் படுத்திருந்தாய். ஒரு நாளாவது "ஏன் கா சொன்னாய்?" என்று கேட்டிருக்கலாம். நான் அழுதிருப்பேன், நீ ஏசியிருப்பாய். நான் வருவதை விட்டிருப்பேனா? விட்டிருப்பேன். என்னை அவ்வளவு சரியாக நீ அறிந்திருந்தாய் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. சர்பத் போத்தல் மாவோடு தொட்டியில் கிடந்தது, உள்ளே பாதி ஐஸ். கழுவிவிட்டு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல்கள் விறைத்து, உன் விரல்களைப் போல ஆயின. கீழே வைத்தேன். ஒரு நிமிடத்தில் சூடு திரும்பி வந்துவிட்டது.