ஓட்டத்துக்கு முந்தைய சாப்பாடு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் முன்பு போலவே காலை ஷிப்ட். முழங்கால்தான் அவ்வப்போது மக்கர் பண்ணுகிறது. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பதினாலு மாதம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். மாதக் கடைசி ஞாயிறு மாரத்தான் ஓடப் போகிறேன், அதற்கு முன் என்ன சாப்பிட வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறாய். வேறு ஒரு வரி இல்லை. என் பிள்ளை ஓடிய அதே நாற்பத்திரண்டு கிலோமீட்டர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

வியாழனிலிருந்து சோறு, உருளைக்கிழங்கு, ரொட்டி இவற்றைக் கூட்டிக்கொள். வயிறு முட்டத் தின்னாதே. கறியையும் எண்ணெயையும் குறைத்தால் இதற்கு இடம் கிடைக்கும். உப்பை வழக்கம்போலப் போட்டுக்கொள். சனிக்கிழமை கீரை, பயறு, பச்சைக் காய்கறி வேண்டாம்; ஓடும்போது வயிற்றைக் கலக்கும். யார் சிபாரிசு செய்தாலும் புதிதாக எதையும் வாயில் வைக்காதே. இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடி. ஓடும் அன்று மூன்று மணி நேரத்துக்கு முன்னால் ரொட்டியும் வாழைப்பழமும் போதும். பதற்றத்தில் தொண்டைக்குள் இறங்காது. பரீட்சைக்குப் போகும்போதும் நீ அப்படித்தான் என்று அவன் கேலி செய்வான். மென்று இறக்கிவிடு.

இதெல்லாம் உனக்கே தெரியும். அந்த மூன்று நாளும் அவனுக்கு நீ இப்படித்தான் சமைத்துப் போட்டாய். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அப்படியிருந்தும் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில், அத்தனை பேர் முன்னால், "எம்புள்ளைக்கு என்னத்தடி குடுத்த?" என்று உன்னைக் கேட்டேன். அவனை அடக்கம் செய்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நான் தடுக்கவில்லை.

இனி எழுதுவதை நிதானமாகப் படிம்மா.

அன்று நீ ஓட்டம் முடியும் இடத்தில் காத்திருந்தாய். நான் வழியில் மூன்று இடங்களில் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். முதல் இடத்திலேயே, "போதும்மா, தாகமே இல்ல" என்றான். நான் விடவில்லை. குடிடா, குடிச்சாத்தான் தெம்பு என்று என் கண் முன்னே காலி செய்ய வைத்தேன். வழியில் தண்ணீர் மேசை ஒன்றைக்கூட விடாதே என்றேன், சொன்னபடி கேட்டான். மூன்றாவது இடத்தில் வாந்தி எடுத்தான். தலை வலிக்கிறது என்றான். விரலெல்லாம் வீங்கி மோதிரம் இறுகிக் கிடந்தது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு பாட்டிலைக் குடிக்க வைத்து அனுப்பினேன். அடுத்த வளைவில் விழுந்தான்.

அவன் போன மறுநாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் மூளை வீங்கிவிட்டது என்றார். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீ அப்போது வீட்டில்தான் இருந்தாய். உன்னிடமாவது வந்து சொல்லியிருக்கலாம். சொந்தக்காரர்கள் உன்னைப் பேசியதையெல்லாம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் சாப்பாட்டைவிட இதுதான் முக்கியம். தாகம் எடுத்தால் குடி, இல்லையென்றால் குடிக்காதே. யார் வற்புறுத்தினாலும், பெற்றவளே வந்து நீட்டினாலும், தட்டிவிட்டுப் போ. தலை வலித்தால், குமட்டினால், விரல் வீங்கினால் அங்கேயே நின்று டாக்டரைக் கூப்பிடச் சொல். ஓட்டம் கிடக்கட்டும்.

இந்தக் கடிதத்தை நம் சொந்தத்தில் யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. நான் மறுக்க மாட்டேன்.

என்னோடு பேச வேண்டும் என்றில்லை. ஓடி முடித்ததும் ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடு. எடுக்க மாட்டேன். மணி அடித்தால் போதும், நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

நூறு வயசு நல்லா இரு.

அத்தை