கதவைத் திறக்காதவரின் பக்கம்

என் பிரியத்துக்குரிய கரீம் பாய்,

உங்கள் ஜரிகைக் கடையை இப்போது உங்கள் மகள் பார்த்துக்கொள்கிறாள். உங்களைப் போலவே உரசிப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. எனக்குத்தான் சண்டை போட ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சபைக்கு இன்னும் போதகர் வரவில்லை. நான் செயலாளர் என்பதால் வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் என் தலையில். சீக்கிரம் முடியட்டும் என்று புதிய ஏற்பாட்டின் கடைசியில் ஒரு பக்கத்தைத் தாண்டாத அந்தக் கடிதத்தை எடுத்தேன். ஒரு மூப்பர், காயு என்ற நண்பருக்கு எழுதியது. அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் போதித்தவர்களுக்கு நம்பித் தங்கச் சத்திரம் இல்லை, விசுவாசிகளின் வீடுகள்தான். தெரிந்தவர் யாராவது இவர் நல்லவர் என்று எழுதிக் கொடுத்திருந்தால் கதவு திறக்கும். காயு திறந்தார். தியோத்திரேப்பு என்ற சபைப் பெரிய மனிதர் திறக்கவில்லை. திறந்தவர்களையும் சபையை விட்டுத் தள்ளினார். மூப்பருக்கு அதுதான் கோபம்.

முன்பு ஒருநாள் உங்கள் கடையில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைப் பற்றி நான் சொன்னபோது டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள்: "அந்த ஆளு ஏன் தொறக்கலயாம்? அவன் எழுதினது எங்கப்பா இருக்குது?"

அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்றேன்.

"அப்போ பாதி கேஸ கேட்டுக்கினு தீர்ப்பு சொல்றீங்க."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து அதற்கு முந்தின கடிதத்தைப் புரட்டினேன். மூப்பர் என்ற அதே பெயரில், தப்பான போதனையோடு வருகிறவனை வீட்டில் சேர்க்காதே என்று இருந்தது. தியோத்திரேப்புவும் அப்படி யாரையாவது பார்த்துப் பயந்தாரோ? உங்களிடம் வந்து சொல்வதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். அங்கிருந்து உயிரோடு திரும்பவில்லை.

சரியாக இந்த வாரம் பார்த்து எங்கள் சபை வாசலில் ஒருவர் பையோடு வந்து நின்றார். எட்வின் என்று பெயர் சொன்னார். ஊழியக்காரராம். எனக்குத் தெரிந்த ஒரு போதகர் அனுப்பினாராம். கொஞ்ச நாள் பின்னறையில் தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்தப் போதகருக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். முன்பு இப்படி வந்த ஒருவர் எங்கள் சபையை இரண்டாக உடைத்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். சாவியைக் கொடுத்தேன், மனதைக் கொடுக்கவில்லை.

அவர் ஜெபக் கூட்டத்துக்கு வரவில்லை. கையில் வேதாகமமும் இல்லை. காலையில் பஸ் ஏறினால் மத்தியானம்தான் திரும்புகிறார். எங்கே போகிறார்? நேற்று என் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். கூரத்தில் இறங்கினார். ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் போய் நின்றார். கதவு மூடியிருந்தது. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பியவர், என்னைப் பார்த்துவிட்டார்.

"எங்கப்பா உள்ள படுத்த படுக்கையா இருக்காரு ஐயா. நான் மதம் மாறிட்டேன்னு எங்கண்ணன் உள்ள வுட மாட்றாரு."

மனது இளகியது. அடுத்த நொடியே, இதை முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்றும் தோன்றியது. போய்க் கதவைத் தட்டினேன். அண்ணன் வெளியே வந்தார்.

"சர்ச்சுலருந்து வர்றீங்களா? மதம் மாறினதாலன்னு சொன்னானா? மாறிக்கினு போவட்டும் சார், எனக்கின்னா? எங்கம்மா சாவக் கெடந்தப்ப போன் மேல போன் போட்டேன். எடுக்கல. ஊழியத்துல இருந்தானாம். சுடுகாட்டுக்கு எடுத்துக்கினு போறதுக்குக் கூட வர்ல. இத சொன்னானா உங்ககிட்ட?"

நான் எட்வினைத் திரும்பிப் பார்த்தேன். "நெஜமாப்பா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமாங்க ஐயா" என்றார்.

இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறார்? ஊழியக்காரர்தானா? அந்தப் போதகர் அனுப்பினார் என்பதாவது உண்மையா? அந்த நேரத்தில் உங்கள் கேள்விதான் காதில் விழுந்தது, பாய்.

"நான் இவருக்காகப் பேச வர்லீங்க. நீங்க சொல்லுங்க, கேக்கறேன்" என்றேன்.

எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார். நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு அம்மாவின் கடைசி நாட்களைச் சொன்னார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சின்னவனா என்று அந்த அம்மா கேட்டாராம். எட்வின் வெயிலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து வறண்ட குரல் வந்தது. "வெளிய யார்ரா?"

அண்ணன் வெயிலில் நின்றவரை ஒருமுறை பார்த்தார். பிறகு, "சின்னவன்பா" என்றார். எழுந்து நிலைப்படியை விட்டுத் தள்ளி நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. எட்வின் செருப்பைக் கழற்றிவிட்டு அவரைத் தாண்டி உள்ளே போனார்.

அந்தப் போதகரின் போன் இன்னும் அணைந்துதான் கிடக்கிறது. எட்வினை நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சாவியைத் திரும்பக் கேட்கவில்லை. நம்பாமலேயே ஒருவருக்கு இடம் கொடுக்கலாமா, பாய்? நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். பிரசங்கம் முடிந்ததும் மறுபடி கூரத்துக்குப் போவேன். இந்தத் தடவை எட்வினைப் பார்க்க அல்ல, அவர் அண்ணனைப் பார்க்க. அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.

வேறு வீட்டில் பிறந்த உங்கள் தம்பி,
தேவராஜ்
பெரிய காஞ்சிபுரம்